கல்லாவுக்குப் பின்னால் வேலை செய்வது யார்?



ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய நாள் நம் பொதட்டூர்பேட்டை கடைவீதி எப்படியிருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருத்தணிக்குக் காவடி எடுத்துச் செல்வோர் ஒருபுறம், சரக்கெடுக்க வரும் கிராமத்துச் சிறு கடைக்காரர்கள் மறுபுறம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப்பட்ட ஒரு நாளில், காலை பத்து மணிக்கு, என் மளிகைக் கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் நின்றுபோனது. மின்சாரம் போகவில்லை, மிஷினில் பழுதும் இல்லை. நிறுத்தியவர்கள் நாங்களேதான்.

அதற்கு ஒரு வாரமாகவே கம்ப்யூட்டர் மந்தமாக இருந்தது. ஒரு பில் அடித்து முடிக்க மூன்று பேர் காத்திருக்க வேண்டியிருந்தது. கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன் ஊருக்கு வந்திருந்தான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜர் என்கிற பட்டியலைத் திறந்து பார்த்தான். நாம் திறக்காத, நமக்குத் தெரியாத நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற ஒன்று நிறைய மெமரியைப் பிடித்து வைத்திருந்தது. "மாமா, எவனோ உள்ளே புகுந்து உட்கார்ந்திருக்கான்" என்றான். எனக்கும் பகீரென்றது. "முடித்துவிடு" என்றேன். அவன் அதை நிறுத்தினான். நிறுத்தியதோடு விடாமல் கம்ப்யூட்டரிலிருந்தே நீக்கியும் விட்டான். அடுத்த பில் வரவில்லை.

அன்று முழுவதும் கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதினோம். நெசவாளர் குடும்பங்களின் பற்று வரவு அத்தனையும் கம்ப்யூட்டருக்குள் இருந்ததால், யார் எவ்வளவு பாக்கி என்பதை வாடிக்கையாளர் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். (எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.) மாலையில் பில்லிங் மென்பொருள் கம்பெனித் தம்பி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் நீக்கியது வேறொன்றும் இல்லை, அவர்கள் மென்பொருளின் கணக்குப் பெட்டகமே அதுதான். சரக்கு, விலை, பாக்கி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஓசையில்லாமல் பின்னால் வேலை செய்த கணக்குப்பிள்ளையை நாங்கள் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறோம்.

கதை அத்தோடு முடியவில்லை. அதே பட்டியலில் வேறொரு வரியைச் சுட்டிக் காட்டி, "சார், இதைப் பார்க்கவில்லையா?" என்றார் அந்தத் தம்பி. விண்டோஸுக்குச் சொந்தமான எஸ்.வி.சி. ஹோஸ்ட் என்ற பெயர்தான் என்று நாங்கள் அதைத் தாண்டிப் போயிருந்தோம். உற்றுப் பார்த்தால் எஸ், வி, சி என்று இருக்க வேண்டிய இடத்தில் எஸ், சி, வி என்று இருந்தது. அதுதான் உண்மையான திருடன். நம் கம்ப்யூட்டரின் உழைப்பையும் நம் மின்சாரத்தையும் எடுத்து எவனோ ஒருவனுக்கு மின்னணு நாணயம் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் மந்தமானதும் அதனால்தான். பழைய கம்ப்யூட்டரை விற்றவர், "ஒரிஜினலுக்கு எதற்குக் காசு?" என்று இலவசமாகப் போட்டுக் கொடுத்த திருட்டு மென்பொருளோடு அது வந்திருந்தது. அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இலவசம் என்றதும் தலையாட்டியது நான்.

ஆக, பெயர் புரியாத நல்லவனை விரட்டினோம், பெயர் பழகிய கெட்டவனை உட்கார வைத்திருந்தோம். நம்மில் பல கடைகளில் இன்றும் இதே நிலைதான் என்பது என் கருத்து. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குடோனுக்குள் புதிதாக ஒருவன் மூட்டை தூக்கிக்கொண்டு நின்றால் நாம் என்ன கேட்போம்? பெயரை மட்டுமா கேட்போம்? "யார் அனுப்பினார்கள், எங்கே தங்கியிருக்கிறாய், உன்னைத் தெரிந்தவர் யார்?" என்று கேட்போம். கம்ப்யூட்டரில் பின்னால் ஓடும் புரோகிராமையும் இப்படித்தான் விசாரிக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. துவரம் பருப்பில் கேசரிப் பருப்பு கலந்திருப்பதைக் கண்ணால் கண்டுபிடிக்கிற நமக்கு இது எம்மாத்திரம்?

முதலில் இருப்பிடம். டாஸ்க் மேனேஜரில் சந்தேகப்படும் பெயரின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால், அந்தப் பைல் இருக்கும் இடத்தைத் திறக்கும் வசதி வரும். உண்மையான எஸ்.வி.சி. ஹோஸ்ட், சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் சிஸ்டம் 32 என்ற போல்டரில்தான் குடியிருக்கும். அது ஒரே நேரத்தில் ஐம்பது, அறுபது வரிகளாகத் தெரிந்தாலும் அஞ்ச வேண்டாம். 2017க்குப் பிறகு வந்த விண்டோஸில், மெமரி போதிய அளவு உள்ள கம்ப்யூட்டர்களில், ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி வரி ஓடும்படி மைக்ரோசாப்ட் நிறுவனமே மாற்றிவிட்டது. ஆனால் அதே பெயர் டவுன்லோட் போல்டரிலோ, டெம்ப் என்ற தற்காலிகப் போல்டரிலோ, உங்கள் பெயரிலுள்ள போல்டரின் ஏதோ ஒரு மூலையிலோ இருந்து ஓடினால், அது வேறு ஆள்.

இருப்பிடம் மட்டும் போதுமா? போதாது. நம் எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பாருங்கள். 2017 மே 12ஆம் தேதி வான்னாகிரை என்ற வைரஸ் உலகமெங்கும் பரவி, நூற்றைம்பது நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. திறந்துவிட 300 டாலர் கேட்டது. நமக்கு நகரி எவ்வளவு தூரம்? அந்த நகரி அடங்கிய சித்தூர் மாவட்டம் உட்பட ஆந்திராவின் சில மாவட்டங்களில் காவல்துறைக் கம்ப்யூட்டர்களே அதில் சிக்கின. திருடனைப் பிடிக்கிறவர் வீட்டிலேயே பூட்டு! அந்த வைரஸ் கம்ப்யூட்டருக்குள் என்ன பெயரில் உட்கார்ந்தது தெரியுமா? "மைக்ரோசாப்ட் செக்யூரிட்டி சென்டர் 2.0 சர்வீஸ்" என்ற பெயரில். இடம் எது? விண்டோஸ் போல்டரேதான். பைலின் விவரப் பகுதியிலும் மைக்ரோசாப்ட் என்றே எழுதியிருந்தது. வாட்ச்மேன் உடுப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்ற திருடன் அவன். இத்தனைக்கும் அவன் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக அதைப் போடாமல் தள்ளிவைத்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள்.

எனவே இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது முத்திரை. நம் தராசுக்கும் படிக்கல்லுக்கும் எடையளவு ஆய்வாளர் முத்திரை போடுவது போல, புரோகிராமுக்கும் ஒரு முத்திரை உண்டு. டிஜிட்டல் கையொப்பம் என்பார்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் யு.எஸ்.பி. வடிவில் வைத்திருக்கிறார்களே, ஏறக்குறைய அதே வகைதான். பைலின் ப்ராப்பர்ட்டீஸ் பகுதியைத் திறந்தால், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற பக்கத்தில் எந்த நிறுவனம் ஒப்பமிட்டது என்று தெரியும். விவரப் பகுதியில் எந்தப் பெயரையும் எவனும் எழுதிக்கொள்ளலாம். ஒப்பத்தை அப்படிப் போட முடியாது. ஒப்பமிட்ட பிறகு பைலில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை செல்லாது என்று விண்டோஸ் சொல்லிவிடும். அந்த வகையில் நம் படிக்கல்லை விட இது மேல். (விண்டோஸின் சொந்தப் பைல்கள் சிலவற்றில் இந்தப் பக்கமே தெரியாது. அவற்றின் ஒப்பம் வேறொரு பட்டியலில் இருக்கும். அது தெரியாமல் நானே ஒருமுறை வீணாகப் பயந்தேன்.)

இங்கேதான் நம் பில்லிங் மென்பொருள் விற்பவர்களிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. பல சிறிய கம்பெனிகள் தங்கள் புரோகிராமில் ஒப்பமிடுவதே இல்லை. ஒப்பம் இல்லாததால் விண்டோஸ் எச்சரிக்கிறது, சில சமயம் ஆன்டிவைரஸ் தடுக்கிறது. உடனே போனில் என்ன சொல்கிறார்கள்? "சார், ஆன்டிவைரஸை ஆப் பண்ணிடுங்க, எங்க போல்டரை விதிவிலக்கில் போட்டுடுங்க." நாமும் சரியென்று செய்துவிடுகிறோம். அன்று முதல் அந்தப் போல்டரில் எவன் வந்து உட்கார்ந்தாலும் காவல்காரன் எட்டிப் பார்க்க மாட்டான்.

ஒப்பச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் செலவாகிறது, சிறிய கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது என்கிறார்கள். அவர்களும் சிறு தொழில் செய்பவர்கள், அவர்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நம் மின்னணுத் தராசுக்கு நாம் நம் செலவில் முத்திரை வாங்கவில்லையா? கட்டுப்படியாகவில்லை என்று ஆய்வாளரிடம் சொன்னால் விடுவாரா? ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் என்று நம்மிடம் வாங்கும் பணத்தில் இதுவும் அடங்கத்தான் வேண்டும்.

முத்திரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா என்றால், அதுவும் இல்லை. 2017 ஆகஸ்டில் சிகிளீனர் என்ற, உலகம் முழுவதும் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யப் பயன்படும் மென்பொருளின் ஒரு பதிப்பு, அந்த நிறுவனத்தின் செல்லத்தக்க ஒப்பத்தோடே, உள்ளே நஞ்சோடு வெளிவந்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை ஏற்றிக்கொண்டார்கள். முத்திரைக்குப் பிறகு கல்லைத் தேய்க்கவில்லை. வார்க்கும்போதே குறை எடையாக வார்த்து, அதன் மேல் முத்திரையும் விழுந்துவிட்டது.

அதைவிட நம்மைப் போன்றவர்களுக்கு நெருக்கமான சம்பவம் அதே ஆண்டு ஜூன் 27ஆம் தேதி நடந்தது. நம் நாட்டில் ஜி.எஸ்.டி. வருவதற்கு நான்கே நாள். நாம் எல்லோரும் எச்.எஸ்.என். எண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். உக்ரைன் நாட்டில் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வணிகர்கள் பரவலாகப் பயன்படுத்திய எம்.இ.டாக் என்ற கணக்கு மென்பொருளின் அப்டேட்டுக்குள் புகுந்து, நாட்பெட்யா என்ற வைரஸ் கிளம்பியது. வரி கட்டுகிறவன் ஒழுங்காக அப்டேட் போட்டான், கணக்கு முழுவதையும் இழந்தான். அங்கிருந்து மெர்ஸ்க் என்ற பெரிய கப்பல் நிறுவனம் வரை பாய்ந்து, மும்பைக்கு அருகிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் சரக்கு முனையமும் முடங்கியது.

இதற்கு என்ன மருந்து? விசாரித்து விடையில்லை. நகல்தான் மருந்து. தினமும் கடை மூடும்போது கணக்கை ஒரு ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். கம்ப்யூட்டரிலேயே சொருகி வைத்திருந்தால் அந்த நகலும் சேர்ந்து போகும்.

நம் தமிழ்நாட்டிலேயே நடந்ததையும் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டு கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான நெட்வொர்க்கோடு இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் உளவு வைரஸ் இருந்தது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4ஆம் தேதி தகவல் சொன்னது. அக்டோபர் இறுதியில் செய்தி வெளியில் கசிந்தபோது, தாக்குதல் நடக்கவே முடியாது என்று நிலையத்தின் தரப்பில் முதலில் மறுத்தார்கள். மறுநாள், அக்டோபர் 30ஆம் தேதி, அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்புகள் தனியே இருப்பதால் அவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் விளக்கியது. டிட்ராக் என்ற அந்த வகை வைரஸ் எதையெல்லாம் திருடும் என்று ஆய்வாளர்கள் வெளியிட்ட விவரத்தில் ஒன்று என்னை யோசிக்க வைத்தது. நாம் அழுத்தும் விசைகள், இணையத்தில் பார்த்த பக்கங்கள் ஆகியவற்றோடு, அந்தக் கம்ப்யூட்டரில் என்னென்ன பிராசஸ்கள் ஓடுகின்றன என்ற பட்டியலையும் அது எடுத்துக்கொண்டு போகும். நாம் ஒருநாளும் திறந்து பார்க்காத பட்டியலைத் திருடன் முதல் வேலையாகப் பார்க்கிறான்!

அணுமின் நிலையம் எங்கே, நம் அரிசிக் கடை எங்கே என்று சிரிக்க வேண்டாம். நம் கம்ப்யூட்டரில்தான் ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டு இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, கோவிந்தப்ப நாயக்கன் தெரு மொத்த வியாபாரிக்கு நாம் கட்ட வேண்டிய பாக்கியும், ஊருக்குள் நமக்கு வரவேண்டிய பாக்கியும் இருக்கிறது. அழுத்தும் விசையை எவனோ எழுதிக்கொண்டிருந்தால் மிச்சம் என்ன?

இன்னொன்று. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற, தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்கும் புரோகிராம்கள். இவை நேர்மையான நிறுவனங்களின் மென்பொருள்கள். ஒப்பம் இருக்கும், இருப்பிடமும் சரியாக இருக்கும், நான் மேலே சொன்ன எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். சாவி யார் கையில் என்பதுதான் இதில் கேள்வி. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எனிடெஸ்க்கை ஏற்றவைத்துப் பணத்தைச் சுருட்டுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. நம் கடைகளில் பழுது பார்க்க வந்தவர் இதை நிரந்தரப் பாஸ்வேர்டோடு வைத்துவிட்டுப் போகிறார். அவர் கம்பெனியை விட்டுப் போய் இரண்டு வருடமாகியிருக்கும், சாவி இன்னும் அவரிடம் இருக்கும். வேலை முடிந்ததும் நீக்குங்கள். மீண்டும் தேவையென்றால் மீண்டும் போட எத்தனை நிமிடம் ஆகப்போகிறது?

சந்தேகம் தீராத பைலை வைரஸ்டோட்டல் என்ற இணையத் தளத்தில் ஏற்றினால், பல ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தீர்ப்பு ஒரே பக்கத்தில் கிடைக்கும். காசில்லை. அறுபது, எழுபது தீர்ப்பில் ஒன்றிரண்டு மட்டும் குற்றம் சொன்னால் உடனே தூக்கிலிட வேண்டாம், விசாரியுங்கள். நம் ஊர்ச் சிறிய மென்பொருள்களுக்கு அப்படி வருவது சகஜம். ஆனால் அங்கே ஏற்றுகிற பைல் பிறர் பார்வைக்கும் போகும் என்பதால், புரோகிராமை மட்டும் ஏற்றுங்கள். கணக்குப் பைலை ஏற்றிவிடாதீர்கள். எது தெரியாவிட்டாலும் நாங்கள் செய்ததுபோல் நீக்க மட்டும் செய்யாதீர்கள். இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்புண்டு.

நம் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். பில்லிங் மென்பொருள் வாங்கும்போது, அது பின்னணியில் என்னென்ன பிராசஸ்களை ஓட்டும், எந்தப் போல்டரில் இருக்கும், எந்த நிறுவனத்தின் ஒப்பம் இருக்கும் என்று ஒரே ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரவேண்டும் என விற்பனையாளர்களைச் சங்கத்தின் சார்பில் கேட்க வேண்டும். தனிக்கடைக்காரன் கேட்டால், "அதெல்லாம் உங்களுக்கெதற்கு சார்?" என்பார்கள். எனக்கு அப்படித்தான் பதில் வந்தது. ஐம்பது கடை சேர்ந்து கேட்டால் அந்தப் பதில் வராது.

அதுவரைக்கும் நானே ஒரு தாள் தயாரித்து, கல்லாவுக்கு மேலே முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிற ஒரு நாளில் உட்கார்ந்து, விண்டோஸ் சொந்தமாக ஓட்டுபவை போக மற்றவற்றை என் தங்கை மகனும் நானும் ஒவ்வொன்றாக விசாரித்து எழுதியது. பதினேழு பெயர்கள். புதிதாகப் பதினெட்டாவது தெரிந்தால் கேட்க வேண்டியதுதான். இரண்டு பெயர்களுக்கு எதிரே இன்னும் கேள்விக்குறி நிற்கிறது. வரும் வாரம் பில்லிங் தம்பி வரும்போது கேட்க வேண்டும்.